குழி தோண்டாத மைதானம்

அந்த வருஷத்தை விட்டால் போலீஸ் வேலைக்குச் செம்பியனின் வயது கடந்துவிடும். எழுத்துத் தேர்வு முடிந்த மறுநாளே சிதம்பரத்து வாடகை வீட்டின் பின்பக்கம் சவுக்குக் கட்டைகளை இறக்கிவிட்டான். ஏறித் தாண்ட ஒரு மரச்சுவர், தொங்கிக் கடக்க ஓர் ஏணி, நடக்க இடுப்புயரத்தில் ஒற்றைக் கட்டை. தரையில் குழி தோண்டக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்கார ரத்தினம்மாளின் சட்டம். அதனால் எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கி, கால்களை அகட்டி, தானாக நிற்கும்படி செய்தான்.

“செலக்‌ஷன்ல இதெல்லாம் கேக்க மாட்டாங்களாமே மாமா?” என்றாள் மனைவி லோகநாயகி.

“இது வேலை கெடைச்ச பின்னாடி ட்ரெயினிங்ல வர்றது. இப்பவே பழகிட்டா அங்க நான்தான் ஃபஸ்ட்டு.”

“வேலை?”

“அது வரும்.”

ஒற்றைக் கட்டையில் நான்கடி நடந்தான். ஐந்தாவது அடிக்குக் கட்டை இல்லை. கீழே போட்டிருந்த, இலவச டிவியோடு வந்த தெர்மாகோலும் உடைந்தது.

லோகநாயகி எண்ணெய் காய்ச்சி முதுகில் தேய்த்தாள். அவள் தேய்த்துவிடும்போது அவன் எதையும் மறுத்ததில்லை.

“கட்டையத் தரையோட படுக்க வச்சிடுங்க மாமா.”

“தரையில கெடந்தா அது தடையா?”

“நீங்க கெடக்கறதுக்கு அது கெடக்கட்டும். அதுக்கு அந்தாண்ட மணல் கொட்டுங்க.”

“வீட்டுக்காரம்மா?”

“குழிதான் தோண்டக் கூடாதுன்னாங்க. கொட்டுனா என்னவாம்?”

அவள் மூளையை மெச்சியபடி எட்டு முழத்துக்கு மணல் பரப்பினான். ஓடி வர வழி வேண்டும் என்றாள். துவைக்கிற கல்லையும் நகர்த்தினான். இடுப்பு வலி போகட்டும் என்று ஒரு மாதம் எதிலும் ஏறவில்லை. தினமும் தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பும்போது மணல் சீராக வாரப்பட்டிருக்கும். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டான்.

ஓட்டம், நீளம் தாண்டுதல் என உடல் தகுதித் தேர்வுக்குக் கடலூர் மைதானத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பெயர், செ. லோகநாயகி. அவன் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான்.

“எனக்கு?”

“ஒண்ணுதான் வந்துச்சு மாமா.”

“பரிச்சை அன்னிக்குத் திட்டக்குடிக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போறேன்னியே?”

“பரிச்ச எழுதிட்டுப் போனேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா மணல் கொட்டியிருப்பீங்களா?”

அவன் நேர்மையாக யோசித்தான். ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ‘இல்லை’ என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

பின்பக்கம் போனான். கட்டையில் ஒரே இடம் பாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. தொலைவில், அன்று இன்னும் வாராத மணலில் இரண்டு குதிகால் பள்ளங்கள். வேட்டியை மடித்துக் கட்டினான். மூச்சைப் பிடித்து ஓடிவந்து தாவினான். பள்ளங்களுக்கு ஒரு முழம் இப்பால் விழுந்தான்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லோகநாயகி, கொஞ்சம் வருத்தமாகவே சொன்னாள்:

“கட்டையத் தாண்டி மிதிச்சிட்டீங்க மாமா. அதுவும் செல்லாது.”