கோப்பி ஸ்டோர் வாசலில் நடந்ததைப் பற்றி நானாவுக்கு

மடவளை,
ஹிஜ்ரி 1290, ஷவ்வால் பிறை 12

கொழும்பில் புடவைக்கடை நடத்தும் மதிப்புக்குரிய மர்சூக் நானாவுக்கு, தங்கை ஆஸியா உம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை மச்சி எழுதினால் நம்புவேன்; நீங்கள் காய்ச்சலில் கிடந்தாலும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். இந்தக் கடிதத்தின் அரக்கு உடைந்திருந்தால் தபால்காரரை விசாரிக்கவும்.

“நீ மௌத்தான பிறகு ஹபீலை யார் பார்ப்பது?” என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. அவன் வாப்பா போன நாளிலிருந்து நானும் அதைத்தான் யோசிக்கிறேன். மற்றப் பிள்ளைகள் ஒரு தடவையில் படிப்பதை என் மகன் நூறு தடவையில் படிப்பான். படித்ததைப் பிறகு விடமாட்டான். இருபது வயதாகிவிட்டது, மீசையும் வந்துவிட்டது. பசி வந்தால் மட்டும் இன்னும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பான். நான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்டவனைத்தான் ஹலீம் முதலாளி, பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் வீடு தேடி வந்து, தன் கோப்பி ஸ்டோரில் வேலைக்கு அனுப்பச் சொன்னார். ஊரில் கைகால் சுகமான இளந்தாரிகள் எத்தனையோ பேர் சும்மா இருக்க, இவனை ஏன் கேட்கிறார்? நான் கேட்டேன். “உங்கட மகன் பொய் சொல்லமாட்டார் ராத்தா” என்றார். ஒரு வியாபாரிக்குப் பொய் சொல்லாத ஆள் எதற்கு? இதை நீங்களே யோசித்துப் பாருங்கள், நீங்களும் வியாபாரிதானே.

முதலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கோப்பி மரங்களில் அவருக்குக் கண் என்று நினைத்தேன். பிறகு நம் மாமா மகள் அனீஸாவை இரண்டாம் தாரமாகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். வேலைக்குப் போன முதல் நாளே ஹபீலின் சாரன் மடிப்பில் ஒரு பிடி கோப்பிக்கொட்டை இருந்ததைக் கண்டதும்தான் எல்லாம் விளங்கியது. இப்போது கோப்பிக் களவுக்கு எவ்வளவு கடுமையான சட்டம் என்று உங்களுக்குத் தெரியும். “ஆரு வெச்ச?” என்றேன். “மொதலாளி தந்த. உம்மாக்கு” என்றான். அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! ஸ்டோரில் களவு போவதையெல்லாம் என் பிள்ளையின் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். தினமும் ஒரு பிடி வந்தது. தினமும் எடுத்து லேஞ்சித் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

இதை ஒருவருக்கும் தெரியாமல் திருப்பிப் போட்டுவிட வேண்டும் என்று நேற்று, பக்கத்து வீட்டு சித்தி றலியாவின் பழைய சேலையை உடுத்து, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, ஸ்டோரில் கறுத்த கொட்டை பொறுக்கும் பெண்களோடு நானும் போய் உட்கார்ந்தேன். சிரிக்க வேண்டாம். லேஞ்சி இடுப்பில். பக்கத்தில் பன்வில தோட்டத்து நல்லம்மா. “என்னா புள்ள, பேன் பாக்கிற மாதிரி ஒவ்வொண்ணா பாக்கிற? பொழுது சாஞ்சிரும், கைய போடு” என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். கணக்கப்பிள்ளை சண்முகநாதன் என் தலைக்கு மேலேயே நின்றார். காலை போனது, பகல் போனது, முதுகு போனது, லேஞ்சியை அவிழ்க்க ஒரு நிமிஷம் கிடைக்கல்ல. அப்போதுதான் பார்க்கிறேன், வேலை முடிந்து போகிற பெண்கள் வாசலில் ஒவ்வொருத்தியாக நின்று முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகிறார்கள். உதறச் சொல்லி நிற்கிற காவல்காரன் யாரென்று நினைக்கிறீர்கள்? நம்மட ஹபீல்!

என் முறை வந்தது. குரலை மாற்றி, “நான் ஒன்டும் எடுக்கல்ல தம்பி” என்றேன்.

“எல்லாரும் ஒதறணும். ஒதறுங்க உம்மா” என்றான்.

எப்படித்தான் கண்டுபிடித்தானோ. உதறினேன். வெட்கத்தில் கொஞ்சம் பலமாக உதறிவிட்டேன் போல, லேஞ்சி அவிழ்ந்து ஆறு நாள் கோப்பியும் அவன் காலடியில் கொட்டியது. பள்ளிவாசல்வரை கேட்கக் கத்தினான்: “மொதலாளீ! எங்கட உம்மா கோப்பி களவெடுத்தீக்கிறாங்க!”

“ஆத்தாடி, காவக்காரன் ஆத்தாளே கள்ளியா!” என்று நல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஹலீம் முதலாளி ஓடி வந்தார். கொட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “இது களவில்ல. நான் ராத்தாக்குக் குடிக்கக் குடுத்தனுப்பின கோப்பி. ஏன் ராத்தா, வறுக்கவே இல்லயா?”

இவ்வளவு பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அப்படியென்றால் பிறகு கேட்கப்போவது எவ்வளவு பெரிதாக இருக்கும்! ஆகவே நானா, இதைக் கண்டதும் ரயிலேறி வாங்க. ஹபீலைக் கொழும்புக்குக் கூட்டிப் போய் உங்கட கடையில் ஒரு மூலையில் வைத்திருங்க. எனக்கு வேறு வழி தெரிய இல்ல.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் வீட்டில் பரக்கத்தும் உங்கள் நெஞ்சில் கொஞ்சம் எச்சரிக்கையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தங்கை ஆஸியா உம்மா

பி.கு: மறுநாள் எழுதுவது. இன்று காலை ஹபீலை நான் எழுப்பவில்லை. தானே எழும்பிப் போனான். பகல் சோற்றைக் கட்டிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றுதான், பசித்தால் வீட்டுக்கு வந்துவிடுவான், அதோடு வேலையும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். லுஹர் தொழுகை நேரம் ஆனது, வரவில்லை. அஸரும் ஆனது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் வந்தான்.

“சாப்பிட்டியா?”

“ஓ. நல்லம்மா தந்த.”

“அவவுக்கு எப்பிடித் தெரியும் ஒனக்குப் பசியென்டு?”

“நான் சொன்ன. பசிக்கிது, சோறு தாங்க என்டு.”

அந்த வார்த்தையை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை நானா. நீங்கள் புறப்பட வேண்டாம்.

என்ன கறி என்று மட்டும் விசாரித்தேன். பலாக்காயும் பருப்புமாம்.