வாடகைப் பெட்டிகள்

ஏவுகணைப் பெட்டியிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

கிடங்குப் பொறுப்பாளர் குனிந்து, பலகை இடுக்கில் கைக்குட்டையைத் திணித்தாள். வாசலில் அண்டை நாட்டுப் பார்வையாளரின் கார் வந்து நின்றது.

இரு நாடுகளும் தங்கள் ஆயுதக் கிடங்குகளை ஒன்றுக்கொன்று திறந்து காட்டுவதென்று பேச்சு. முதலில் இங்கே, பிறகு அங்கே. சொன்ன கணக்கு சரியாக இருந்தால் எல்லையிலிருந்து படைகள் வீடு திரும்பும். அவள் மகனும் திரும்புவான்.

ஆனால் சொன்ன கணக்கு, மிரட்டுவதற்காக வருடக்கணக்கில் ஊதிப் பெருக்கியது. இருப்பதோ அதில் பாதிகூட இல்லை.

"குறைஞ்சா, மிச்சத்தை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கோம்னுதான் சொல்வாங்க" என்று மேலதிகாரி, இரு நாட்டுக்கும் சரக்கு ஏற்றும் லாரிக்காரரிடம் பெட்டிகளை வாடகைக்கு எடுத்தார். காலிப் பெட்டிகள் தட்டினால் மேளம்போல் ஒலித்தன. அவள் மணல் ரொப்பினாள். கனம் தாங்காமல் பலகைகள் விரிந்தன.

"இன்னுமாம்மா கொட்டுது?" என்று கேட்டபடி மேலதிகாரி வந்தார்.

"கைக்குட்டை வச்சு அடைச்சிருக்கேன் சார்."

"லைட்டைக் குறைச்சிடுங்க. கண்ணுக்குத் தெரியாது."

தெரியவில்லைதான். அதனால் உள்ளே வந்த பார்வையாளர் அம்மாள் மணலில் சறுக்கினார். விழாமலிருக்கப் பெட்டியைப் பற்றினார். கைக்குட்டை கையோடு வந்துவிட்டது. மணல் இப்போது தாராளமாகவே கொட்டியது.

"என்னங்க இது?"

"தீப்பிடிச்சா அணைக்கிறதுக்குங்க" என்றார் மேலதிகாரி.

"ஏவுகணைப் பெட்டிக்குள்ளயா?"

"ஒரு முன்னெச்சரிக்கைதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்ப்பக்கத்துப் பையன்கள் பாடுவது தன் பதுங்குகுழிவரை கேட்கும் என்று மகன் ஒருமுறை சொல்லியிருந்தான். இல்லாத ஏவுகணைக்கு அவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களுடைய பயத்துக்கு நாம் பயப்படுகிறோம். நடுவில் என் பிள்ளை குழிக்குள் கிடக்கிறான். இத்தனை காலம் நான் பூட்டிக் காத்தது எதை?

கடப்பாரையை எடுத்து மூடியை நெம்பினாள்.

"பாத்துக்கங்கம்மா. இந்த வரிசை பூரா மணல்தான். நாங்க சொன்ன கணக்கு பொய். ஒளிச்சு வைக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

மேலதிகாரி பக்கத்துப் பெட்டியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவும் விரிந்தது.

பார்வையாளர் குனிந்தார். ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டார். பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. எல்லாம் கெட்டது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டிகளைத் திரும்ப ஏற்ற வந்த லாரிக்காரர் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். பார்வையாளரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, மேடம் இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. உங்க கிடங்குல இதை மணலோடயே இறக்கிடவா, இல்ல நீங்களே ரொப்பிக்கிறீங்களா?"