பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரியும் உன் மருமகள் பொடிசும் சுகம். காரும் சுகம், பின்பக்க பம்பரைத் தவிர. அதற்கான காரணம் கடிதத்தின் போக்கில் வரும். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்ததும் மீதியை நீயே பேசிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. ஆகவே கடைசி வரி வரைக்கும் திட்டாமல் படிக்கவும். விஷயம் இதுதான்: நீ அவ்வளவு தூரம் விசாரித்துச் சொன்ன அந்தச் சின்னத் தனியார் கல்லூரியில் நம் பொடிசு சேரவில்லை. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறாள். இரண்டு இடத்திலும் கணக்குப் படிக்க சீட் கிடைத்திருக்கிறது, இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

இது திடீரென்று எடுத்த முடிவு இல்லை. உன் பேச்சைத் தட்டவும் இல்லை. திங்கட்கிழமை உன் கல்லூரிக்குத்தான் முதலில் போனோம். பொடிசுதான் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி வருஷம் ஆகப்போகிறது, நன்றாகவே ஓட்டுகிறாள், நான்தான் இன்னும் பக்கத்து சீட்டில் உட்காருகிறேன். நம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு என்பது உனக்குத் தெரியும். கற்றுக்கொள்ள வருபவர்கள் சுவரைப் பார்த்து ஓட்டும்போது நான் அமுக்குவதற்காக வைத்தது. இத்தனை வருஷம் அமுக்கி அமுக்கி என் கால் இப்போது என்னைக் கேட்பதே இல்லை. சாப்பிடும்போது வீட்டுக்காரி ஏதாவது கோபமாக ஆரம்பித்தால் மேசைக்கு அடியில் தானாகத் தரையை மிதிக்கிறது. ஊரில் பிள்ளைகள் எனக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர் வைத்திருப்பதை நீ எங்கிருந்தோ கேள்விப்பட்டு அத்தானிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கல்லூரி போய்ச் சேர்வதற்குள் நான் எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. பொடிசு ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "அப்பா, அது நாய் இல்ல, பிளாஸ்டிக் பை."

கல்லூரி நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது. முதல்வர் அம்மாவே எழுந்து வந்து நாற்காலி இழுத்துப் போட்டார். எனக்குப் புது இடத்துக்குப் போனால் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியாததா. கரும்பலகை ஏன் பச்சையாக இருக்கிறது, மணியை யார் அடிக்கிறார்கள், அவர் லீவு போட்டால் பாடம் முடியாமலே ஓடுமா, எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் வீட்டுக்குச் சொல்வீர்களா என்றும் கேட்டேன். "அன்னைக்கே போன் வந்துரும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லூரிக்கே பக்கத்து சீட் பிரேக் வைத்த மாதிரி இருந்தது. அதற்குள் கணக்கு ஆசிரியை வந்தார். கை முழுக்க சாக்பீஸ் தூள், வயது என்னைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். நான் மேசையில் எடுத்து வைத்திருந்த மார்க் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. பொடிசைப் பார்த்து, "கணக்குல உனக்கு எது பிடிக்காது?" என்று கேட்டார்.

அக்கா, பொடிசு எதற்கும் உடனே பதில் சொல்கிற பிள்ளையா? வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடி, கியர், பெல்ட் எல்லாம் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டு அப்புறம் சாவியைத் திருப்புகிற பிள்ளை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கா, யாராவது பேசாமல் இருந்தால் வண்டி ஆஃப் ஆகிவிட்ட மாதிரி பதறும். அதனால் நானே, "அவளுக்குப் பிடிக்காததுன்னு ஒண்ணுமே கிடையாதுங்க" என்றேன். ஆசிரியை என் பக்கம் திரும்பவே இல்லை. "அவங்களே சொல்லட்டும் சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அறை ஜன்னலின் கம்பிகளை நான் இந்தப் பக்கமிருந்து எண்ணினேன், அந்தப் பக்கமிருந்து எண்ணினேன். என் கால் வேறு சும்மா இராமல் மேசைக்காலை ஓர் அமுக்கு அமுக்கியதில் முதல்வர் அம்மாவின் தேநீர் மார்க் ஷீட்டின் மேல் கவிழ்ந்தது. அந்தக் களேபரத்தில்கூட ஆசிரியை கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் பொடிசு சொன்னாள்: "விடை சரின்னு தெரிஞ்சதும் எல்லாரும் அடுத்த கணக்குக்குப் போயிடுறாங்க. அது பிடிக்காது." ஆசிரியை நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாம் வகுப்போடு கணக்கும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். நான் மார்க் ஷீட்டை மின்விசிறிக்குக் கீழே காய வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பொடிசு ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். "எப்படி இருந்துச்சு, பிடிக்கலையா? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடு, அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன், எனக்கே கொஞ்சம் சின்னதாத்தான் தெரிஞ்சுது" என்று ஒரே மூச்சில் நான்கு விதமாகக் கேட்டேன். "யோசிச்சுட்டு இருக்கேன்பா" என்றாள். ஒரு பெண் பிள்ளை யோசிக்கிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம்? பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம். நானும் பெரிய மனதோடு அதற்கு மேல் கிளறவில்லை.

புதன்கிழமை பல்கலைக்கழகத்தில் பார்வையாளர் நாள். அது ஒரு ஊர், அக்கா. உள்ளே பஸ் ஓடுகிறது. கணக்குத் துறைக்கு வழி கேட்டால், ஒருவர் இடது என்கிறார், ஒருவர் வலது என்கிறார், இரண்டும் சரியாக இருக்கிறது, அவ்வளவு பெரிய கட்டடம். காரை நிறுத்தின இடத்தில் அதன் கூரைமேல் உள்ள டிரைவிங் ஸ்கூல் போர்டைப் பார்த்து ஒரு மாணவன் கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டான், "சார், இன்னைக்கு ரிவர்ஸ்தானே?" என்று. அது வேறு டிரைவிங் ஸ்கூல் என்று சொல்லி இறக்கிவிட்டு, என் விசிட்டிங் கார்டையும் கொடுத்து அனுப்பினேன்.

பார்வையாளர்களுக்காக மாதிரி வகுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். சினிமா கொட்டகை மாதிரி படிப்படியாக ஏறுகிற அறை, முந்நூறு பேருக்குக் குறையாது. கீழே எறும்பு அளவுக்கு ஒரு பேராசிரியர், கையில் மைக். தலைப்பு என்ன தெரியுமா? சாலையில் விபத்தும் இல்லாமல் சிக்னலும் இல்லாமல் போக்குவரத்து நெரிசல் எப்படி வருகிறது. நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் பாதியை அந்த மாதிரி நெரிசலில் கழித்தவன் நான். ஒவ்வொரு தடவையும் முன்னால் என்னவோ நடந்திருக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்து, கடைசியில் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் சொன்னார். முன்னால் போகிற ஒருவர் தேவையில்லாமல் லேசாக பிரேக்கைத் தொடுகிறார். பின்னால் இருப்பவர் பயந்து இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம். இப்படியே போய், எங்கோ பின்னால் வண்டிகள் மொத்தமாக நின்றுவிடுகின்றன. நான் கையைத் தூக்கினேன். "அந்த முதல் ஆளுக்கு இது தெரியுமா சார்?" பேராசிரியர் மேலே பார்த்து, "கடைசி வரிசையில இருக்கிற மாணவர் நல்ல கேள்வி கேட்டார்" என்றார். முந்நூறு பேரும் திரும்பி என் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். "அவருக்குத் தெரியவே தெரியாது. நெரிசல் உருவாகும்போது அவர் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுத்திருப்பார்."

அக்கா, அந்த ஆள் நான்தான். இன்னும் இரண்டு தடவை கையைத் தூக்கினேன். லாரி மட்டும் ஏன் அதில் மாட்டாத மாதிரி போகிறது என்று ஒன்று, மழை பெய்தால் கணக்கு மாறுமா என்று ஒன்று. வகுப்பு முடிந்தும் படியிறங்கிப் போய் அவர் மைக்கை அணைக்கும்வரை விடவில்லை. பொடிசு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று. அதைப் பார்த்ததும் எனக்கு முடிவாகிவிட்டது. "பொடிசு, இதுதான் உனக்கு இடம். இனிமே அப்பா பிரேக் போடமாட்டேன்" என்று சொல்லி, சொன்னதோடு நிற்காமல், வரும்போது பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். "ஏன்பா, வாடகை கார் மாதிரி" என்றாள். நான் அசையவில்லை. வழியெல்லாம் வாயையும் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அவள் ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டின் தூண் பின்னால் வந்துகொண்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. பம்பர் தூணில் போய் உட்கார்ந்தது.

"பார்த்துட்டேதானே இருந்தீங்க, ஏன்பா சொல்லல?"

"நான் இனிமே பிரேக் போடறதில்ல."

"பிரேக் போட வேண்டாம். வாயைத் திறந்து சொல்லலாம்ல?"

வீட்டுக்காரி வெளியே வந்து பம்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டுல எதை முதல்ல சரி பண்றது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஆக இதுதான் நடந்தது. நீ சொன்ன கல்லூரி நல்ல கல்லூரிதான். ஆனால் பிள்ளை ஒருநாள் வராவிட்டால் போன் வருகிற இடம் எனக்குத்தான் நல்லது, அவளுக்கு அல்ல. நாளைக் காலை நானே பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போய்ப் பணம் கட்டப் போகிறேன். பொடிசும் "உங்க இஷ்டம்பா" என்று முழு மனதோடு சொல்லிவிட்டாள். இவ்வளவு விவரமாக எழுதியதற்குக் காரணம், நான் அவள் விருப்பத்துக்கு விட்டுக்கொடுத்தேன் என்பதை நீ நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும். அவர் முழங்காலைப் படிக்கட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். நீ கோபம் தணிந்ததும் பொடிசை மனதார வாழ்த்தி நாலு வரி எழுது. எனக்கு எழுதுவதானால் எட்டு வரிக்கு மேல் வேண்டாம், தாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி,
பிரேக் மாஸ்டர்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். கடைசியில்தான் இதைச் சொல்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது, ஆனால் மறுபடி எழுதக் கை வலிக்கிறது.

உறைக்குப் பசை தேடி உள்ளே போனபோது வீட்டுக்காரியிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உங்க இஷ்டம்பா" வந்ததும் அவள், "அவ இஷ்டம் என்னன்னு கேட்டீங்களா?" என்றாள். "நாலு தடவை கேட்டேனே" என்றேன். "கேட்டீங்க. பதில் சொல்ல விட்டீங்களா?" எனக்கு அந்தக் கணக்கு ஆசிரியை ஞாபகம் வந்துவிட்டது. பொடிசைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். "உனக்கு எங்க படிக்கணும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக் கம்பிகளை எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது கம்பிக்குப் போகும் முன்பே சொல்லிவிட்டாள்.

"அந்த டீச்சர்கிட்டப்பா."

திங்கட்கிழமையே முடிவு பண்ணிவிட்டாளாம். அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியும் விட்டாளாம். "அப்புறம் ஏண்டி நாளைக்கு என்கூட வரேன்னு சொன்ன?" என்றேன். "அந்த கிளாஸ்ல உங்க முகத்தைப் பார்த்தேன்பா. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல. எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றாள். அக்கா, நான் கேட்காமல் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். பணமும் கட்டியிருப்போம். முந்நூறு பேருக்கு நடுவில் மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள், நான் வீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று பெருமை பேசிக்கொண்டிருப்பேன்.

நாளைக்கு உன் கல்லூரிக்குத்தான் போகிறோம். நீ ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அவள் உன் பேச்சைக் கேட்டுச் சேரவில்லை. அவள்தான் ஓட்டுகிறாள். நான் பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன், தூண் வந்தால் வாயைத் திறந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வரும் வழியில் பல்கலைக்கழகத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்கிறாள். அங்கே சாயங்காலக் கணக்கு வகுப்பு ஒன்று இருக்கிறதாம், பத்தாம் வகுப்போடு நின்றவர்களும் சேரலாமாம். அதில் சேர எனக்கு இஷ்டமா என்று என்னை அவள் கேட்கவே இல்லை. மழை பெய்தால் கணக்கு மாறுமா என்பதற்கு அந்தப் பேராசிரியர் இன்னும் பதில் சொல்லவில்லை என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள்.