சீனிப் பாகில் போட்ட நைமிரிசும் எங்கள் வாடகை வீடும்

லிங்கநகர்,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை

மட்டக்களப்பில் வாழும் அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மனோன்மணி மச்சாளுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி பூரணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் தம்பியும் நலம்; அவருடைய நலத்துக்கு ஒரு குறையும் இல்லை, சுற்றியிருப்பவர்கள்தான் இருமிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் தம்பியைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வசதி இல்லை.

அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் கோப்புக் கட்டிய மனிதர், பென்சன் எடுத்தால் வீட்டில் சும்மா இருப்பார் என்று நம்பினேன். இருக்கவில்லை. பழைய பெயின்ற் வாளிகளில் மண் நிரப்பி நைமிரிஸ் கன்று வைத்தார். அந்தச் சாதிக் கொச்சிக்காய் உங்களுக்குத் தெரியும், மஞ்சளாய், உருண்டையாய், பார்க்கச் சாதுவாய் இருக்கும். ஒரு காயைக் கிள்ளிப் போட்டால் ஒரு சட்டிக் கறியின் உறைப்புக்குக் காணும். பதினாலு வாளி வைத்தார், பதினாலும் காய்த்தது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். முதல் கிழமை நன்றி சொன்னார்கள், இரண்டாம் கிழமை எங்களைக் கண்டதும் கேற்றைப் பூட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தானே நீங்கள் அந்த வீடியோவை அனுப்பினீர்கள்! எங்கேயோ வெளிநாட்டில் ஒருத்தி கொச்சிக்காயை வெட்டி, சீனிப் பாகில் காய்ச்சி, போத்தலில் அடைத்து, பல்லைக் காட்டுகிறாள். கீழே "தம்பி, இது உனக்கு லேசு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார், ஆதாரம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை என்னைக் குசினியை விட்டு வெளியேற்றினார். கோயில் பொங்கலுக்கென்று நான் எடுத்து வைத்த சீனி முழுவதும் சட்டிக்குள் போனது, வினாகிரி அரைப் போத்தல் போனது, விதை எடுத்த காயெல்லாம் பின்னால் போனது, பிறகு கொதித்தது பாருங்கள், முதலில் நான் இருமினேன், பிறகு பூனை தும்மியது, பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ "ஐயோ, கண்ணெரியுது" என்று கத்தினார்கள், கடைசியில் காற்றுத் திரும்பியபடியால் எங்கள் ஒழுங்கைச் சனம் தப்பியது, துறைமுகத்தில் நின்ற கப்பல்காரர் என்ன நினைத்தார்களோ தெரியாது. சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். உங்கள் தம்பி மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, பாகு கிண்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா இது கோலம்?" என்றேன்.

"பதம் பாக்கிறன், கதை குடுக்காதையும்" என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து சத்தம் வந்தது.

பின்னேரம் பதினொரு போத்தல் வரிசையாய் அலுமாரியில் ஏறியது. எறும்பு வந்தது, மூடி வரைக்கும் ஏறி நின்று யோசித்தது, திரும்பிப் போய்விட்டது. எறும்புக்கு இருக்கிற புத்தி பென்சன்காரருக்கு இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் வீட்டுக்கார ஸைனுலாப்தீன் ஹாஜியார் வருவதாக இருந்தது. சண்டைக்குள் சம்பூரை விட்டு வந்த பிறகு இது எங்களுக்கு ஏழாவது வீடு மச்சாள். மற்ற ஆறு வீட்டிலும் சுவரில் ஒரு ஆணி அடிக்க அனுமதி கேட்டு நின்றோம். ஹாஜியார்தான் "உங்கட வீடு மாதிரி இரிங்க" என்று சாவியைத் தந்தவர். பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது இந்த வீட்டை மகள் ஷிஃபானாவுக்குக் கலியாணச் சீதனமாக எழுதுகிறார். மாப்பிள்ளையும் பெண்ணும் கலியாணம் முடிந்ததும் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவார்களாம். அதுவரைக்கும் நாங்களே இருப்பதா, கேட்டுக்கொண்டு திரியும் ஒரு வங்கி அதிகாரிக்குக் கொடுப்பதா என்று நேரில் வந்து சொல்வதாக இருந்தார். இன்னொரு தடவை சாமான் கட்ட எனக்கு உடம்பில் பலமில்லை, மனதில் அதைவிட இல்லை. சனிக்கிழமை இரவு முழுக்க நான் பயந்துகொண்டுதான் கிடந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு மனைவி ஜெமீலாவுடன் வந்தார். ஹாஜியாருக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனி போட விடமாட்டார். வாயில் ஒரு பனங்கட்டித் துண்டை அடக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடிப்பார். நம் ஊர்ச் சீனி வருத்தக்காரர் எல்லாரும் செய்கிற வைத்தியம்தானே, டாக்டர் போடக்கூடாது என்றுதான் சொன்னார், கடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நான் பனங்கட்டித் தட்டை முன்னால் வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் தம்பி பனங்கட்டியை எடுத்து ஒளித்துவிட்டு, பாகு மினுங்குகிற தன் நைமிரிசைத் தட்டில் வைத்துவிட்டார். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "பேரைச் சொன்னாப் பயந்திடுவினம். சொல்லாமக் குடுத்தாத்தான் உண்மையான தீர்ப்பு வரும்" என்றார். தீர்ப்பு வந்தது.

ஹாஜியார் ஒட்டியிருந்த இரண்டு துண்டை ஒன்றாய் எடுத்துக் கடைவாயில் அடக்கி, ஆவி பறக்கிற தேத்தண்ணியில் ஒரு மடக்குக் குடித்தார். "ஆ, பூசணித் தோசியா தவராசா? நல்ல இனிப்பு..." என்று உங்கள் தம்பியைப் பார்த்துச் சொன்னார். முகம் சிவந்து, தொப்பிக்குக் கீழே இருந்து வியர்வை இறங்கியது. "தண்ணி! ஆருக்கும் கேக்கல்லயா, தண்ணி கொண்டாங்க!" என்று ஜெமீலா கதிரையை விட்டு எழும்பினார். நான் பதறி, கையில் இருந்ததை நீட்டினேன். அது ஜெமீலாவுக்கு ஊற்றிய தேத்தண்ணி. மனிதர் அதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அப்போதுதான் உங்கள் அருமைத் தம்பி முன்னால் குனிந்து கேட்டார்:

"சீனி காணுமோ, ஹாஜியார்?"

வீட்டுக் கதை பேசாமலே ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள். நான் குந்தியிருந்து அழுதேன். "ஏனப்பா அழுறீர்? மனுசன் ஒண்டும் குறை சொல்லேல்லையே" என்கிறார் இவர். குறை சொல்ல ஹாஜியாருக்கு நாக்கு வேலை செய்திருக்க வேண்டுமே!

ஆகவே மச்சாள், வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் உங்கள் தம்பியைப் பதினொரு போத்தலோடும் பதினாலு வாளியோடும் ஏற்றி அனுப்புகிறேன். வளர்த்தவரே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கெட்டியான ஒரு வயிற்றையும் தர வேண்டுமென்று கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
வீடற்றவளாகப் போகும்
பூரணி

பி.கு.: புதன்கிழமை. கடித உறையை ஒட்டமுன் ஹாஜியார் வந்துவிட்டார். உங்கள் தம்பி சந்தைக்குப் போயிருந்தார். "அண்டைக்கு வாய் வெந்து போச்சு. ஆனா அதுக்குப் பிறகு என்னத்தைத் திண்டாலும் சப்பெண்டு இரிக்கி. ஷிஃபானாட கலியாணப் புரியாணிக்கு இருவது போத்தல் வேணும். ஆரு செஞ்ச?" என்று கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நான்தான், ஹாஜியார்" என்றேன். வீடு இரண்டு வருடத்துக்கு எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனவே மேலே "உங்கள் தம்பி செய்தார்" என்று வருகிற இடமெல்லாம் "பூரணி செய்தாள்" என்று திருத்தி வாசிக்கவும். ஆளை இப்போதைக்கு அனுப்ப ஏலாது. மிச்சக் காய் முழுவதையும் பாகில் போட்டு முடிக்காமல் குசினியை விட்டு வெளியே வரக்கூடாது என்று தண்டனை கொடுத்திருக்கிறேன். பாவம், சந்தோசமாகச் செய்கிறார். ஹாஜியார் என்ன சொன்னார் என்பது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பெருமை தலைக்கேறிவிடும், வீடு கிடைத்தும் உங்கள் தம்பியோடு எனக்கு அதில் இருக்க ஏலாது.