மிச்ச பலம்

“மாப்பிள்ளை, இந்த ஹால்ல தூண் இருக்கணுமா, நாங்க இருக்கணுமா? ஒண்ணு சொல்லிடுங்க.”

மாமனார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு தூண்களையும் சுற்றிக் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போர்த்த வேண்டும் என்று இன்ஜினியர் மாப்பிள்ளை தரையில் கோடு போட்டிருந்தார். சோபா பாதி கோட்டுக்குள் போயிருந்தது.

பழைய கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்ப்பதும், தாங்காததைத் தாங்க வைப்பதும்தான் அவர் பிழைப்பு. ஊரார் கட்டடத்தையெல்லாம் பார்த்தவர், பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருக்கும் மாமனார் வீட்டை மட்டும் பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். போன மாதம் பூமி லேசாகக் குலுங்கி, சமையலறைச் சுவர் விரிசல் விட்டது. மகள் தூணில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அதற்கு மேல் அவரால் தள்ளிப்போட முடியவில்லை.

“உள்ள என்ன கம்பி போட்டீங்க மாமா? வரைபடம் இருக்கா?”

“மேஸ்திரி மனசுல இருந்துது. அவர் போய்ச் சேர்ந்துட்டார்.”

அங்கேதான் சிக்கல். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத கட்டடத்தின் பலத்தை நன்றாகக் குறைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். தெரியத் தெரியக் குறைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாததால், தூண்கள் யானையின் கால் பருமனுக்கு வந்து நின்றன.

“அப்போ தெரிஞ்சுக்கங்களேன்! படிச்ச படிப்பு எதுக்கு?” என்றாள் மனைவி.

மிஷின் வந்தது. உள்ளே கம்பி எத்தனை, எங்கே என்று தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, துளை போட்டுக் கான்கிரீட்டை உருளை உருளையாக அறுத்து எடுத்தார்கள். சேற்றுத் தண்ணீர் ஹால் முழுக்க ஓடி, மகளின் பள்ளிப் பையை நனைத்தது.

மாமனார் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “பலம் போதலைன்னு சொல்லித் தூணை ஓட்டை போடுறீங்க. நல்லா இருக்கே கதை!”

“அடைச்சுடுவோம் மாமா.”

“முதல்ல அடைச்சுத்தானே இருந்துது!”

உருளைகள் பரிசோதனைக் கூடத்துக்குப் போயின. முடிவு வரும்வரை மாமனார் மருமகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடே இழவு விழுந்ததுபோல் கிடந்தது.

முடிவு வந்தது. கான்கிரீட் பிரமாதம்! இனி அவ்வளவு குறைக்க வேண்டியதில்லை. புதுக் கணக்கில் நான்கு தூண்களும் கல்லுக்குண்டாக நின்றன. இன்ஜினியர் தரையில் போட்ட கோட்டைத் தானே ஈரத்துணியால் அழித்தார். அழுகை வந்துவிட்டது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “தேவைக்கு மேலயே பலம் மிச்சம் இருக்கு மாமா” என்று சொல்லித் தொலைத்தார்.

“மிச்சம் இருக்கா?” மாமனாரின் கண்கள் விரிந்தன. “அப்போ மேல ரெண்டு ரூம் போட்டுடலாமே!”

“வேண்டாம் மாமா, அது வந்து...”

“மிச்சம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று மனைவி மடக்கினாள். “அது பொய்யா?”

இன்ஜினியர் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாழாய்ப்போன கணக்கு, தாங்கும் என்றே சொன்னது. மனசு மட்டும் அடித்துக்கொண்டது. மனசையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியுமா? தலையாட்டினார். மாடியில் சுவர் எழும்பி, தளமும் போட்டாயிற்று. மகள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மாமனார் முதல் தடவையாக மாப்பிள்ளைக்குத் தன் கையால் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்துப் பக்கம் போன இன்ஜினியர், ஒரு நன்றி சொல்லலாம் என்று உள்ளே நுழைந்தார். உருளைகளை நசுக்கிப் பார்க்கும் உதவியாளர் பல வருடப் பழக்கம். இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ரிசல்ட்தான் எங்க குடும்பத்தையே காப்பாத்துச்சு.”

உதவியாளர் கூச்சத்தோடு நெளிந்தார்.

“நமக்குள்ள நன்றியெல்லாம் எதுக்கு சார்? மாமனார் வீடுன்னு வேற சொன்னீங்க. என்ன எழுதினாலும் நீங்க பாதியாக் குறைச்சுத்தான் கணக்குப் போடுவீங்கன்னு தெரியும், அதான் நான் டபுளாப் போட்டு அனுப்பிட்டேன்.”