கன்பராவுக்கு நான் வைத்த கடல்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற சொல் என் வாயில் வராது. இத்தாலியின் பலேர்மோ நகரில் என்னிடம் வழி கேட்டு எதிர்த்திசையில் நடந்துபோன உல்லாசப் பயணிகள் எத்தனை பேரோ, அவர்களின் பாவம் என்னைச் சும்மா விடாது. இப்போது வயது நாற்பதைத் தொடுகிறது, வியாதி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. (அப்படித்தான் நான் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.) இது நடந்தபோது எனக்கு இருபத்தெட்டு, வியாதி நன்றாக முற்றியிருந்த பருவம்.

தங்கச்சி தர்சினிக்கு அவுஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பொடியன் பிரணவனும் அவளும் எட்டு மாதமாகப் போனில் கதைத்துக் கதைத்து, அவள் இனி வேறு யாரையும் கட்டமாட்டாள் என்பது வீட்டுச் சுவருக்கும் தெரிந்திருந்தது. பொடியனின் தாய் தகப்பன் வந்து பொம்பிளை பார்த்துச் சரி சொல்வது மட்டும்தான் மிச்சம். அவர்களோ மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலில் வருகிறார்களாம். கப்பல் ஒரு வியாழக்கிழமை பலேர்மோ துறைமுகத்தில் நிற்குமாம். பின்னேரம் நாலரைக்குள் திரும்ப ஏறிவிட வேண்டுமாம். அந்த இடைவெளிக்குள் என் தங்கச்சியின் வாழ்க்கையை முடிவு செய்வார்களாம். (பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் தேவாலயத்துக்கும் சந்தைக்கும் நடுவில் எங்கள் வீடு.)

அப்பா இல்லாத வீடு. ஆகவே வீட்டுப் பெரிய மனிதன் நான். பெரிய மனிதனின் உத்தியோகம், லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சின்யோராவின் வீட்டில் தரை துடைப்பதும் அவவின் நாயை நடத்திக்கொண்டு போவதும். நாய்க்கும் என்னில் பெரிய மதிப்பில்லை. தலைநகரத்து ஆட்கள் எங்களைக் கீழாக நினைத்துவிடக் கூடாது, நாங்களும் படித்த குடும்பம் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. (உயர்தரத்தில் புவியியலுக்கு எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி, அதாவது மட்டுமட்டான பாஸ். அதற்கும் முன்மேசைக்காரன் கொஞ்சம் சரிந்து இருந்து எழுதியதுதான் காரணம்.)

ஆகவே படித்தேன். எங்கள் வீடு இருந்த ஒரேத்தோ வீதியில் இருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில், போனில், பத்து நாள். அவுஸ்திரேலியத் தலைநகரப் பிரதேசம்: அமைவிடம், எல்லைகள், தரைத்தோற்றம், காலநிலை, நிர்வாகம். யாழ்ப்பாணத்து ரியூசனில் நோட்ஸ் பாடமாக்கிய அதே முறை. தலைப்பு வாரியாக, வாய்விட்டு. பக்கத்தில் இருந்த இத்தாலியக் கிழவி இரண்டு தரம் இடம் மாறினாள். பத்தாம் நாள் ஒரு வசனம் கண்ணில் பட்டது. தலைநகருக்கும் ஒரு கடல் வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஜேர்விஸ் குடாவில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்களாம். அடுத்த வசனத்தை வாசிக்க முதல் நான் இறங்க வேண்டிய தரிப்பு வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அந்த அடுத்த வசனத்தை வாசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தார்கள். தகப்பன் அரியரத்தினம் அங்கிள் மெலிந்த, அமைதியான மனிதர். அன்ரி கைப்பையை மடியை விட்டு இறக்காமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தா. சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தா.

"ஒண்டரையிலை இருந்து மூண்டு மட்டும் ராகுகாலம். அதுக்குள்ளை பிள்ளையை வெளியிலை விடமாட்டன். அதுமட்டும் நீ அவையோடை கதைச்சுக்கொண்டிரு. நாலு மணிக்குக் காரிலை கொண்டுபோய்க் கப்பலடியிலை விடு. விளங்கினதே?"

"ஓம் அம்மா, அதை என்னட்டை விடுங்கோ."

சீலை உடுத்திக் குசினிக் கதிரையில் இருந்த தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, உன்னைக் கும்பிடுறன். கனக்கக் கதைக்காதை."

அங்கிள் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பலேர்மோ எப்பிடி? இருக்கிறதுக்கு நல்ல இடமோ?"

பலேர்மோவைப் பற்றிக் கேட்டவருக்குக் கன்பராவைப் பற்றிப் பதில் சொன்ன ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். "அதை விடுங்கோ அங்கிள்," என்று தொடங்கினேன். "அவுஸ்திரேலியத் தலைநகரப் பிரதேசம். அமைவிடம்." ஆம், தலைப்பையும் சேர்த்தே சொன்னேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதைச் சுற்றிவர மூடியிருப்பதைச் சொன்னேன். சிட்னியும் மெல்பேணும் தலைநகரம் எனக்கு உனக்கு என்று இழுபறிப்பட்டதால், இரண்டுக்கும் இடையில் செம்மறியாடு மேய்ந்த நிலத்தில் புதிதாக ஒரு நகரம் கட்டியதைச் சொன்னேன். ஆற்றை மறித்து ஏரி செய்ததை, பாராளுமன்றக் கூரையில் புல் வளர்வதை, குளிர்காலக் காலையில் உறைபனி படிவதை எல்லாம், முப்பது வருடமாக அந்த உறைபனியைக் கார்க் கண்ணாடியில் சுரண்டிய மனிதருக்கு விளக்கினேன். அவர் "ஓமோம்" என்று தலையாட்டினார். அது பொறுமை. நான் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"அதோடை அங்கிள், உங்கடை பிரதேசத்துக்குக் கடலும் இருக்கு. துறைமுகம் கூட."

"இல்லைத் தம்பி. கன்பராவுக்குக் கடல் இல்லை."

"இருக்கு அங்கிள். ஜேர்விஸ் குடா."

"அது வேறை பிரதேசம். எங்கடை சட்டம் அங்கை செல்லும். ஆனா இடம் எங்கடை இல்லை."

அறிவுள்ளவன் இந்த இடத்தில் "அப்பிடியோ" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லியிருப்பான். நான் சிரித்தேன். அறியாதவரை மன்னிக்கிற சிரிப்பு. "நீங்கள் அங்கையே இருக்கிறபடியால் உங்களுக்குத் தெரியாது," என்றேன். (இந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.)

அன்ரி மெதுவாகச் சொன்னா. "தம்பி, இவர் அங்கை நில அளவைக் கந்தோரிலைதான் வேலை செய்தவர். வரைபடம் கீறுறதுதான் இவருக்கு வேலை."

"அப்ப வரைபடத்திலை பிழை இருக்கும், அன்ரி."

இப்போது அங்கிளுக்கும் ரோசம் வந்துவிட்டது. முப்பது வருடம் தான் கீறிய எல்லையை, நாய் நடத்துகிற ஒருவன் சோபாவில் இருந்தபடி அழித்தால் யாருக்குத்தான் வராது? கண்ணாடியை எடுத்துப் போட்டார். நான் போனை நீட்ட, அவர் வாங்கிப் பெருப்பித்துப் பார்க்க, நான் பறித்துச் சிறுப்பிக்க, இருவரும் தலை முட்டக் குனிந்திருந்தோம். தங்கச்சி தேத்தண்ணித் தட்டத்தோடு முன்னால் வந்து நின்றாள். எட்டு மாதம் காத்திருந்த நிமிடம் அது. அங்கிள் நிமிராமலே, "அதிலை வையும் பிள்ளை," என்று மேசையைக் காட்டினார். அவள் வைத்தாள். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

கடைசியில் அந்தப் பக்கம் கிடைத்தது. பஸ்ஸில் நான் விட்ட அடுத்த வசனம்: அந்தக் குடா ஒரு தனிப் பிரதேசம். மனதுக்குள் வாசித்தேன். பிறகு வாயைத் திறந்து, "இதிலை பிழையாப் போட்டிருக்கிறாங்கள்," என்றேன்.

அப்போதுதான் அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தா. "நாலரைக்கெல்லோ ஏறோணும்? இப்ப நாலு இருபதெல்லோ!"

துறைமுகத்துக்குப் பத்து நிமிடம் போதும் என்று நான் முதலே சொல்லியிருந்தேன். (அதுவும் எனக்குத் தெரிந்த விசயம்தான்.) பலேர்மோவின் பின்னேர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. கப்பல் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. பெட்டிகள் அதற்குள். அங்கிளின் பிரஷர் குளிசையும் அதற்குள். பாஸ்போட் மட்டும், நல்ல காலம், அன்ரியின் கைப்பைக்குள்.

அங்கிள் கப்பலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இந்தக் கப்பல் கன்பராத் துறைமுகத்திலை எத்தினை மணிக்கு நிக்கும்?"

அன்ரி அழத் தொடங்கினா. தங்கச்சியின் கல்யாணமும் அந்தக் கப்பலோடு போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் செத்தேன்.

வழியனுப்பவென்று எங்களோடு வந்திருந்த தங்கச்சி, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரால் இறங்கினாள். நேரே என்னிடம் வந்தாள். "அண்ணா, இனி ஒரு சொல்லுக் கதைச்சியெண்டால் பிடிச்சுக் கடலுக்கை தள்ளிவிடுவன். கடல் இஞ்சை இருக்கு."

பிறகு வேலையைத் தொடங்கினாள். அந்தக் கப்பல் அடுத்த நாள் வடக்கே நாப்போலித் துறைமுகத்தில் நிற்கும் என்று விசாரித்து அறிந்தாள். நாங்கள் நின்ற துறைமுகத்தில் இருந்தே அன்றிரவு நாப்போலிக்குப் போகும் பயணிகள் கப்பலுக்கு ரிக்கற் எடுத்தாள். மருந்துக்கடைக்காரனோடு இத்தாலிய மொழியில் வாதாடிக் குளிசை வாங்கினாள். எடுத்த ரிக்கற் மூன்று. "அவைக்குப் பாஷை தெரியாது. நான் கொண்டுபோய் ஏத்திப்போட்டு வாறன்," என்றாள். அம்மா போனில் கத்தியது எனக்கே கேட்டது. அவள் அசையவில்லை.

மூன்றாம் நாள் பிரணவன் போன் எடுத்தான். சம்மதமாம். அங்கிள் சொன்ன காரணத்தையும் அப்படியே சொன்னான்: "பிள்ளை இரவு முழுக்க எங்களைப் பாத்தவள். தேவையில்லாமல் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அந்தத் தமையனுக்குத் தங்கச்சியெண்டு நம்பேலாமல் கிடக்கு."

நாலு வருடம் கழித்து நான் முதல் தடவையாகக் கன்பராவுக்குப் போனேன். விமான நிலையத்தில் அங்கிள் தோளில் ஒரு கடற்கரைத் துவாயோடு நின்றார். "வாரும் தம்பி, கடலுக்குப் போவம்." கொண்டுபோய் விட்டது, நான் தலைப்போடு ஒப்புவித்த அதே ஏரியில். தர்சினி, பிரணவன், அன்ரி எல்லோரும் கரையில் வரிசையாக நின்று பார்க்க, நான் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தேன்.

"சொல்லும். இப்பவெண்டாலும் ஒப்புக்கொள்ளுறீரோ?"

ஒரு சொல்தான். "ஓம்" என்றால் முடிந்தது.

"கொஞ்சம் உப்புக் கரிக்குது, அங்கிள்," என்றேன்.

இன்றைக்கும் அந்த வீட்டில் கறிக்கு உப்புக் காணாவிட்டால் யாரும் உப்புப் போத்தலைக் கேட்பதில்லை. அங்கிள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வாராம்: "பிள்ளை, உம்மடை அண்ணையின்ரை கடலிலை ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு வாரும்."