அப்பாவைப் பால்பானை ஆக்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெற்ற அப்பாவை நடுத்தெருவில் நிறுத்தி, ஊரே பார்க்க எரியவிட்ட மகள் நான்தான். (பதற வேண்டாம். எரிந்தது எல்.இ.டி. விளக்கு. அப்பா கொதிக்க மட்டும்தான் செய்தார்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கோயம்புத்தூரில் பி.காம். முடித்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியிருந்தேன். படித்தது கணக்கு. தலைக்கேறியது வேறு. கல்லூரி விழாவில் சீனியர் அக்கா ஒருவர் வெள்ளை ஃபோமில் இறக்கை செய்து, உள்ளே விளக்குப் பட்டையை ஒட்டி, தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். அந்த இறக்கை முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. அன்றைக்குப் போன புத்தி எனக்கு இன்னும் திரும்பவில்லை.

சாதாரணமாக எல்.இ.டி. பட்டையை எதற்குள் ஒட்டினாலும் கோயில் திருவிழா சீரியல் செட்டு மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த ஒளி பரப்பும் ஃபோம் அப்படியில்லை. வெளிச்சத்தை வாங்கித் தனக்குள் பரப்பி, மேலெல்லாம் பூசினாற்போல் வெளியே விடும். சூடு காட்டினால் வளையும், பிளேடால் வெட்டலாம், பசை போட்டு ஒட்டலாம். வீட்டுக்கு வந்ததும் ஒளிரும் கிரீடம் செய்தேன், ஒளிரும் வாள் செய்தேன், ஒளிரும் கத்தரிக்காய் செய்தேன்.

"கத்தரிக்கா யாருக்குடி?" என்று கேட்டாள் அம்மா. ஆனாலும் அதைப் படமெடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினம் தினம் போட்டாள். பெற்ற மனசு.

அப்பா மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் 'மாஸ்டர்'தான். நூலில் ஒரு முடிச்சு கூடுதலாக விழுந்தால் அன்று சாப்பாடு இறங்காத மனிதர். அவர் வீட்டுக் கூடத்தில் நான் ஃபோம் துகள்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மதுரையில் பேங்க் பரீட்சைக்கான கோச்சிங் வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

"ஏட்டி, கத்தரிக்கா எரிஞ்சதெல்லாம் போதும். வார திங்கக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறுத" என்றார்.

அன்று மாலையே அம்மாவின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டுத் திருமலை அண்ணாச்சி போன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகப் பால்கோவா கடை திறக்கப்போகிறவர், அம்மாவுக்குத் தூரத்து உறவு.

"பாப்பா, பால் பொங்குத மாதிரி ஒரு பானை வேணும். ஆள் உசரம். உள்ள ஒரு ஆள் நின்னு ஆடணும். இந்தத் தெருவுல எல்லாவனும் பால்கோவாதான் விக்கான். நம்ம கடை எம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தாலும் பளிச்சுனு தெரியணும். சனிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா."

நான் அப்பாவின் காலில் விழாத குறை. அவர் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "சனிக்கிழமை இந்தப் பானை நாலு பேரு மெச்சுத மாதிரி வந்தா உன் இஷ்டம். ஏடாகூடமாப் போச்சுன்னா திங்கக்கிழமை பஸ். பொறவு இந்த ஃபோமு பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். அந்த வயதில் நமக்கு ஏடாகூடமாகும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

பானைக்குள் நிற்க முத்துப்பாண்டி என்ற கபடி வீரரைப் பிடித்தேன். அளவு கொடுக்க மட்டும் அவர் வரவேயில்லை. போனில் கேட்டதில் ஏறக்குறைய அப்பா உடம்பு என்று தெரிந்தது. அப்பாவின் பழைய சட்டைக்குள் தலையணைகளைத் திணித்து, மேலே பாலித்தீன் சுற்றி, டேப் ஒட்டி, அதிலிருந்தே அளவு எடுத்தேன். மூன்று நாள் ராப்பகலாக வெட்டினேன், வளைத்தேன், ஒட்டினேன். கழுத்துக்கு மேலே குமிழ் குமிழாகப் பொங்கும் நுரை, நடுவில் முகம் தெரிய ஒரு துவாரம்.

வேலை பிரமாதம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. யோசனையில்தான் கோளாறு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியக் கூடாது என்ற வெறியில், பேட்டரியையும் சுவிட்சையும் கொண்டுபோய் முதுகுப் பக்கம் இரண்டு ஃபோம் அடுக்குகளுக்கு நடுவே வைத்தேன். பானைக்கு ஏது கை என்று கைத்துளையும் வைக்கவில்லை. உள்ளே நிற்பவர் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். (கலைக்காக இதுகூடச் செய்ய மாட்டார்களா என்பது என் அன்றைய எண்ணம்.)

சனிக்கிழமை மதியம்வரை நல்ல மழை. ஐப்பசி மழை, அதிலொன்றும் அதிசயமில்லை. மழை வெறித்ததும் குட்டியானை வண்டியில் பானையை ஏற்றி, அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம். கடை வாசலில் தோரணம், மேளம், மேசை முழுக்கத் தட்டுத் தட்டாகத் திறந்து வைத்த சூடான பால்கோவா. முத்துப்பாண்டியை மட்டும் காணவில்லை. போன் போட்டேன்.

"அக்கா, காலையில அய்யனார் கோவிலுக்குச் சாமி கும்பிட வந்தேன். மலையில பேய்மழை. ஆத்துல தண்ணி வந்துருச்சு, திரும்பித் தாண்ட விடமாட்டேங்காங்க."

"எப்பப்பா தண்ணி வடியும்?"

"அத ஆத்துக்கிட்டதான்க்கா கேக்கணும்."

நானே உள்ளே நுழைந்து பார்த்தேன். என் உயரத்துக்குப் பானை தரையில் உட்கார்ந்துவிட்டது, முகத் துவாரத்தில் என் நெற்றிதான் தெரிந்தது. அண்ணாச்சி முயன்றார். தொப்பையில் சிக்கிக்கொண்ட அவரை வெளியே இழுக்க மேளக்காரர்கள் இருவர் தேவைப்பட்டார்கள். அப்போதுதான் அம்மா, குடும்பத்தின் சரித்திரத்தையே மாற்றிய அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"அவிய சட்டையிலதான அளவு எடுத்த?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தெரியவில்லை. அவர் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். "ஒத்துக்கிட்ட சரக்கு நேரத்துக்குப் போகணும். மில்லுல அதான் முறை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விறைப்பாகப் பானைக்குள் இறங்கினார். தைத்து வைத்தாற்போல் பொருந்தியது.

முதுகை மூடும் வெல்க்ரோ பட்டைகளைத் தேடினேன். அவை ராஜபாளையத்தில், எங்கள் வீட்டு டி.வி.க்கு மேலே பத்திரமாக இருந்தன. எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கமில்லை. சுவிட்சைப் போட்டேன், பசையை எடுத்தேன், அப்பாவை உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன்.

அடுத்த பத்து நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். இருட்டத் தொடங்கிய தெருவில் அப்பா பால் நிறத்தில் தகதகவென்று ஒளிர்ந்தார். கூட்டம் திரண்டது. ஆளுக்கு ஆள் செல்பி. "மாஸ்டர், கொஞ்சம் ஆடுங்க" என்று அண்ணாச்சி கெஞ்ச, அப்பா மெஷின்களுக்கு நடுவே ரவுண்டு போவது போல் வலப்பக்கம் நாலு எட்டு, இடப்பக்கம் நாலு எட்டு நடந்தார். "லைட்டு எங்க இருக்குன்னே தெரியலையே!" என்று ஒரு பெண் வியந்தார். அப்பாவின் புருவம் லேசாக உயர்ந்ததைப் பார்த்தேன். மதுரை பஸ் என்னை விட்டுவிட்டுக் கிளம்பும் சத்தமே எனக்குக் கேட்டது.

அப்போது ஒரு ஈசல் வந்து அப்பாவின் மூக்கில் உட்கார்ந்தது.

அப்பா "உஃப்" என்று ஊதினார். அது பறந்தது, நாலாகத் திரும்பி வந்தது. அடுத்து நாற்பது. மழை வெறித்த அந்தியில் ஈசல் கிளம்பினால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஈசலு! லைட்ட அமத்துங்க!" என்று ஒரு குரல் எழுந்தது, அவ்வளவுதான். கடை போர்டு, தோரண விளக்கு, எதிர்க்கடை, பக்கத்து வீடு, மாடி வீடு எல்லாம் படபடவென்று அணைந்தன. தெரு முழுக்கக் கும்மிருட்டு.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் அப்பா இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஈசல் அத்தனையும் அவரைத் தேடி வந்தன. நுரையில் உட்கார்ந்தன, மீசையில் தொங்கின, முகத் துவாரம் வழியாகக் குடும்பத்தோடு உள்ளே குடியேறின. கை உள்ளே இருந்ததால் அப்பாவால் ஊத மட்டுமே முடிந்தது.

"யாராவது மாஸ்டர ஆஃப் பண்ணுங்கப்பா!" என்று இருட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஏட்டி, சுவிட்சு எங்க?" என்றார் அப்பா.

"முதுகுலப்பா."

"முதுகுல எங்க?"

"உள்ள."

"தொறந்து அமத்து."

"ஒட்டிட்டேன்ப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின்மேல் மூன்று ஈசல்கள் ஊர்ந்தன. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிளேடை எடுத்துக்கொண்டு ஓடினேன். "நில்லு! உள்ள இருக்கது என் முதுகு!" என்று அலறினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு ஞானோதயம் பிறந்தது. செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பால்கோவாத் தட்டுகளைக் குனிந்து பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"ஒருத்தரும் மாஸ்டர் மேல கை வைக்காதீங்க! தட்டுல ஒரு ஈசல் இல்ல! அம்புட்டும் அவிய மேலதான் இருக்கு. அவியள அப்படியே குளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போங்க!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்பா நடந்தார். இருண்ட தெருவின் நடுவே ஒளிரும் பால்பானை போக, மேலே ஈசல் மேகம் போக, பின்னால் நான், அம்மா, விஷயம் புரியாமல் வாசித்துக்கொண்டே வந்த மேளக்காரர்கள். வழியில் ஓர் அக்கா அகலமான சட்டியில் தண்ணீரோடு ஓடிவந்து அப்பாவின் காலடியில் வைத்தார். "அண்ணே, செத்த நேரம் சட்டிக்கு நேரா நில்லுங்க. அரிசியோட வறுத்தா அம்புட்டு ருசியா இருக்கும்" என்றார். அப்பாவும் நின்றார். "இன்னும் கொஞ்சம் குனிங்க" என்றதற்கு மட்டும் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுத விரும்பவில்லை.

திருமுக்குளத்துப் படிக்கட்டில் அவரை நிறுத்தினோம். ஈசல்கள் இறகுதிர்ந்து தண்ணீரில் விழ, மீன்களுக்கு அன்று விருந்து. கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஓர் அம்மா, இருட்டில் முகத்தோடு ஒளிரும் பானையைக் கண்டு திகைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையை எடுத்துக் கும்பிட முடியாத அப்பா மரியாதைக்குத் தலையை மட்டும் அசைத்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருவழியாக ஈசல் ஓய்ந்தது. பின்னாலேயே வந்து சேர்ந்த அண்ணாச்சி பிளேடும் கையுமாகப் பானையை வெட்டி அப்பாவை வெளியே எடுத்தார். சட்டை, முடி, மீசை எங்கும் இறகு. அப்பா ஓர் இறகைத் துப்பினார். ராஜபாளையம்வரை துப்பிக்கொண்டே வந்தார். குட்டியானையின் பின்பக்கத்தில் அவர் தலையிலிருந்து இறகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்தபடி குலுங்கிக்கொண்டு வந்தாள். நான் அழுதேன். எனக்கு ஃபோம் போனதுகூடப் பெரிதில்லை. முப்பது வருடம் ஊரே எழுந்து நின்று வணங்கிய மனிதரைத் தெருவில் ஈசல் சட்டியாக நிறுத்திவிட்டேனே என்ற வெட்கம்தான் தாங்கவில்லை.

ஞாயிறு முழுக்க நான் பெட்டி கட்டினேன். திங்கள் காலை பெட்டியோடு அறையை விட்டு வெளியே வந்தேன். கூடத்தில் அப்பா கிழிந்த பானையைப் பரப்பி வைத்து, அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மார்க்கர் பேனா. ஃபோம் முழுக்க வட்டம் வட்டமாகக் குறிகள்.

"பஸ் எத்தன மணிக்கு?" என்றார், நிமிராமலே.

"ஒம்போதுக்குப்பா."

"செத்த இரு. சுவிட்சு இங்க, கைக்கு எட்டுத இடத்துல வரணும். இங்க ரெண்டு கைக்கும் ஓட்டை. மூஞ்சிக்கு முன்னால கொசுவலை. காத்துக்கு இங்க ஒரு துளை. உள்ள நின்னவனுக்குத்தான் தெரியும்." பேனாவை மூடினார். "வெளிச்சம் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு புள்ளி தெரியல."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி பஸ் போனது. பத்து மணி பஸ்ஸும் போனது. மூக்கைச் சிந்திக்கொண்டே கொசுவலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று எனக்கு ராஜபாளையத்தில் சொந்தப் பட்டறை இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒளிரும் மயில், கல்யாண மேடைக்கு ஒளிரும் தாமரை என்று வேலைக்குக் குறைவில்லை. எதுவானாலும் அப்பா உள்ளே நுழைந்து, ஒருமுறை விளக்கை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் பட்டறையை விட்டு வெளியே போகாது. எங்களிடம் இதுவரை அதிகம் விற்ற சரக்கு எது என்று மட்டும் கேட்காதீர்கள். (ஆள் இல்லாத பால்பானை. கல்யாண மண்டபக்காரர்கள் மழைக்காலத்தில் பந்திக்கு நூறடி தள்ளி வைக்க வாங்கிப்போகிறார்கள்.)

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை அண்ணாச்சியின் கடைக்கு 'ஈசல் விழாத கடை' என்றே பெயராகிவிட்டது. ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை வெறித்ததும் அவரிடமிருந்து போன் வரும். "பாப்பா, இங்க மழ விட்டுருச்சு. மாஸ்டர் சும்மாதான இருக்காவ?" என்பார். வீடே சிரிக்கும். அம்மா எழுந்துபோய் அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கக் கையை நீட்டுவாள்.

அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பேட்டரிக்குச் சார்ஜு போட்டிருக்கியாட்டி?" என்று கேட்பார்.